பறவை பார்க்க ஆசையா? முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள்

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பைனாகுலர் வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "உங்கள் வீட்டுக்கு வருகிற காகத்தின் கழுத்து என்ன நிறம்?" நிறையப் பேர் யோசிக்காமல் "கறுப்பு" என்பார்கள். ஊருக்குள் நாம் தினமும் பார்க்கிற வீட்டுக்காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். உடம்பு முழுக்கக் கறுப்பாக, கொஞ்சம் பெரிதாக, தடித்த அலகோடு, குரல் கரகரவென்று இருந்தால் அது அண்டங்காக்கை. இரண்டும் ஒரே மதில்மேல் வந்து உட்காரும். நாம்தான் பார்ப்பதில்லை.

அதனால் என் வழி இதுதான். காட்டுக்குப் போவதற்கு முன்னால் வாசலில் இருப்பதைப் பாருங்கள். பறவைகளைப் பற்றி நம் ஊரில் எத்தனையோ பெயர், பழமொழி, சகுனம், கதை இருக்கிறது. எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்ததிலிருந்து வந்தவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் கண்ணால் சரிபாருங்கள். சில அப்படியே சரியாக இருக்கும், சில வேடிக்கையாகத் தப்பாக இருக்கும்.

முதல் வாரம்: காகம் மட்டும்

காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் நடுவே ஏதாவது இருபது நிமிடம். கையில் ஒரு நோட்டு, பேனா, வேண்டுமானால் ஒரு டம்ளர் காபி. மொட்டை மாடி இல்லாவிட்டால் பால்கனியோ ஜன்னலோ போதும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் அசையாமல் இருப்பது பழகிய பிறகுதான் பறவைகள் தங்கள் வேலையைத் தொடங்கும்.

காகம் கிடைத்ததை மறைக்காமல் சுற்றத்தைக் கூவி அழைத்து உண்ணும் என்கிறது திருக்குறள். இதைச் சோதித்துப் பார்ப்பது ரொம்பச் சுலபம். ஒரு நாள் ஒரு கை நிறையச் சோறு வையுங்கள். முதலில் வந்த காகம் சட்டென்று இறங்காது. மதிலில் நின்று கரையும், இன்னும் நாலு வரும், அப்புறம்தான் சாப்பாடு. மறுநாள் ஒரே ஒரு வடைத் துண்டு வையுங்கள். நான் பார்த்தவரை கூப்பிடுகிற பேச்சே கிடையாது. சத்தமில்லாமல் கவ்விக்கொண்டு போய்விடும். ஒருமுறை எங்கள் மாடியில் அப்படி எடுத்த வடையை ஒரு காகம் செம்பருத்தித் தொட்டியின் விளிம்பில் செருகியது. பக்கத்தில் கிடந்த காய்ந்த இலையை எடுத்து மேலே வைத்தது. இரண்டடி பின்னால் தத்திப் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தது. திருப்தி இல்லை போலும், திரும்பி வந்து இன்னொரு இலையை வைத்துவிட்டுப் பறந்தது. வள்ளுவர் பார்த்தது சோற்றுப் பருக்கைகளை என்று நினைக்கிறேன், வடையை இல்லை.

காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பது, சாயங்காலம் எல்லாக் காகங்களும் ஒரே திசையில் அடையப் போவது, இவையெல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே கண்ணில் படும். அமாவாசைக்குச் சோறு வைக்கிற வீடு என்றால் உங்களுக்கு வசதி. முன்னோர்கள் என்று நம்பி வைக்கிற அந்தப் பிடிச் சோற்றால்தான், இத்தனை தலைமுறையாக மனிதனும் காகமும் ஒருவரையொருவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காகம் கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கைக்கு வயது ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு. குறுந்தொகையில் அதை வைத்துப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

காகத்தைப் பார்த்தால் குயில் தானாக வரும்

வெயில் காலத்தில் காகம் கூடு கட்டத் தொடங்கியதும் அந்த மரத்தைக் கவனியுங்கள். குச்சிகளோடு கம்பித் துண்டுகளையும் சேர்த்துக் கட்டும். அந்த மரத்தைச் சுற்றியே குயிலும் திரியும், ஏனென்றால் குயில் கூடு கட்டாது, பெரும்பாலும் காகத்தின் கூட்டில்தான் முட்டை இடும். ஆண் குயில் கண்ணெதிரே வந்து கூவிக் காகத்தைச் சீண்டும். காகம் துரத்திக்கொண்டு போகிற சந்தில் பெண் குயில் உள்ளே நுழைந்து வேலையை முடித்துவிடும். சில வாரம் கழித்துக் காகம் தன் வாயிலிருந்து குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம்.

பாடுவது பெண் குயில் என்று நினைத்து நம் கவிஞர்கள் மொத்தமாக ஏமாந்தது இங்கேதான். "குக்கூ" என்று உருகிக் கூவுவது ஆண் குயில். பளபளவென்ற கறுப்பு, சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். அதன் குரல் "கிக் கிக் கிக்" என்று வெடுக்கென்று இருக்கும், பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கவிஞர்களைச் சொல்லி என்ன, நானே ஆறு மாதம் ஏமாந்தேன். எங்கள் தெரு முனை அரச மரத்தில் அந்தப் புள்ளிப் பறவையைப் பார்த்துவிட்டு, ஏதோ வல்லூறு வகை என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆத்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது பொட்டக் குயில் கண்ணு, பழந்திங்க வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. நீங்களும் தப்பாக எழுதியதைக் கிழிக்காதீர்கள், மேலே ஒரு கோடு போட்டுத் திருத்துங்கள்.

அளவு, வடிவம், நடத்தை. நிறம் கடைசியில்

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, நிறத்தை முதலில் பிடித்துக்கொள்வது. வெளிச்சத்தில் நிறம் மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும், பருவத்துக்குப் பருவம் மாறும். அளவு மாறாது.

ஏற்கெனவே தெரிந்த நாலு பறவைகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து. சிட்டுக்குருவி சுமார் 15 சென்டிமீட்டர், மைனா 25, வீட்டுக்காகம் 40. புதிதாக எதைப் பார்த்தாலும் "மைனாவைவிடச் சின்னது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது" என்று முதலில் எழுதுங்கள். அப்புறம் அலகு: குட்டையா, ஊசியா, வளைந்ததா, தட்டையா? வால் நீளமா, பிளந்ததா, தூக்கியே வைத்திருக்கிறதா? தத்துகிறதா, நடக்கிறதா? மைனா நம்மைப் போல ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கும். சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும்.

குறிப்பு எழுதுவது எப்படி என்று கேட்டால், சத்திமுத்தப் புலவரிடம் அனுப்புவேன். வறுமையில் ஊரைப் பிரிந்து கிடந்தவர், பறந்துபோன நாரையைக் கூப்பிட்டுப் பாடிய பாட்டு அது. செங்கால் என்று காலின் நிறம் வந்துவிடுகிறது. பனங்கிழங்கைப் பிளந்தது மாதிரி, பவளம் போலச் சிவந்த கூர்மையான அலகு என்று அலகின் வடிவமும் நிறமும் வந்துவிடுகிறது. தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புவீர்களானால் என்று வலசை போகும் திசைகூட இருக்கிறது. பனங்கிழங்கை நடுவில் பிளந்து பிடித்துப் பாருங்கள், நாரையின் அலகேதான். இப்படி உங்களுக்குத் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு எழுதுங்கள். "நீளமான அலகு" என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து உங்களுக்கே எதுவும் ஞாபகம் வராது.

பெயரிலேயே பாதிக் குறிப்பு இருக்கிறது

தமிழ்ப் பெயர்களைக் கற்றுக்கொள்வதில் ஒரு லாபம், பெயரே அடையாளத்தைச் சொல்லிவிடும். வாலாட்டி நின்ற இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். தையல்சிட்டு இலைகளை நாரால் தைத்துக் கூடு செய்யும். அரிவாள்மூக்கனையும் கரண்டிவாயனையும் ஒருமுறை பார்த்தால் போதும், மறக்காது. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், நத்தை தின்பதற்கென்றே அமைந்த அலகு.

ஒரு சிக்கல், பெயர் ஊருக்கு ஊர் மாறும். கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து, பிளந்த வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும் கறுப்புப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரட்டைவால் குருவி, கரிச்சான், கரிக்குருவி, வலியன் என்று பல பெயர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள், எந்த ஊரில் கேட்டது என்பதோடு. ஆடு மாடு மேய்க்கிறவர்களிடமும் ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடமும் கேட்டால் புத்தகத்தில் இல்லாத பெயரெல்லாம் வரும். படத்தைக் காட்டிக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு பறவையை நினைத்துப் பேசிக்கொண்டிருப்போம்.

வலியன் என்ற பெயருக்கு மதுரையில் ஒரு கதை உண்டு. சிவனின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் ஒன்று கரிக்குருவிக்கு உபதேசம் செய்தது. காகங்கள் கொத்திக் கொத்தித் துரத்திய எளிய குருவி ஒன்று மதுரைக்கு வந்து வேண்டியது, இறைவன் மந்திரம் சொல்லிக் கொடுத்தார், அன்றிலிருந்து அது வலியான் ஆனது என்று புராணம் சொல்லும். இப்போது நீங்கள் கம்பியில் இருக்கிற கரிச்சானைப் பாருங்கள். கூடு கட்டியிருக்கிற காலத்தில் காகம் அந்தப் பக்கம் வந்தால், தன்னைவிடப் பெரிய அந்தக் காகத்தின் முதுகிலேயே பாய்ந்து கொத்தி விரட்டும். பருந்தையும் விடாது. அதனால் வேறு பறவைகள் கரிச்சான் இருக்கிற மரத்திலேயே கூடு கட்டிக்கொள்வதும் உண்டு. கதையைச் சொன்னவர்கள் முதலில் பறவையைப் பார்த்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வயல்களில் நடுகிற பறவைத் தாங்கிக் குச்சிகளில் பகலில் உட்கார்ந்து புழு பூச்சிகளைப் பிடிப்பதும் பெரும்பாலும் இதுதான். ராத்திரி அதே குச்சியில் ஆந்தை வந்து உட்காரும், எலி பிடிக்க. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று நம் வீடுகளில் இன்றும் கல்லெடுத்து எறிகிறார்கள். எலி தின்கிற நெல்லைக் கணக்குப் போட்டால் ஆந்தையை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

ஏரிக்கரைக்குப் போகும் நாள்

இரண்டு மூன்று வாரம் ஆனதும் வெளியே கிளம்புங்கள். பக்கத்து ஏரி, குளம், அறுவடை முடிந்த வயல், எதுவானாலும் சரி. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடங்கள், எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

முதலில் மடையானைத் தேடுங்கள். தேடினால் கிடைக்காது, அதுதான் விஷயம். தண்ணீர் ஓரத்தில் மண் நிறத்தில், கோடு கோடான கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு பழைய கட்டை மாதிரி நிற்கும். நீங்கள் அதைப் பார்க்காமலே நடப்பீர்கள். ஏழெட்டு அடி தூரம் வந்ததும் காலடியிலிருந்து திடீரென்று ஒரு வெள்ளைப் பறவை கிளம்பும். மண் நிறத்தில் நின்றது எப்படி வெள்ளையாகப் பறக்கிறது? சிறகும் வாலும் வெள்ளை, மடக்கி வைத்திருக்கும்போது பழுப்பு முதுகு அதை மூடியிருக்கும். இறங்கிச் சிறகை மடக்கியதும் மறுபடி காணாமல் போய்விடும். இவ்வளவு பக்கத்தில் போகும்வரை பறக்காததால் இதற்குக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர். பார்வையில் ஒரு குறையும் இல்லை. நம்மை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

மாட்டின் பின்னாலும் இப்போது டிராக்டரின் பின்னாலும் நடக்கிற வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு. உழும்போது கிளம்புகிற பூச்சிக்காகக் கூடவே போகிறது.

வெட்ட வெளியில் "டிட்டிட்டீ டிட்டிட்டீ" என்று அலறல் கேட்டால் நின்றுவிடுங்கள். அது ஆள்காட்டி. ஆள் வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவதால் அந்தப் பெயர். வேட்டைக்குப் போனவர்கள் திட்டிக்கொண்டே வைத்திருப்பார்கள். தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று ஒன்றும் இருக்காது. வெறும் தரையில் கூழாங்கல் நடுவே, கூழாங்கல் மாதிரியே புள்ளி போட்ட மூன்று நான்கு முட்டை. தேடிப் பார்க்கிறேன் என்று நடந்தால் மிதித்துவிடுவீர்கள். வந்த வழியே திரும்பிப் போங்கள்.

கிணற்று மேட்டுப் பனையிலோ ஈச்ச மரத்திலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கினால் அங்கே ஒரு மணி நேரம் உட்காருங்கள். மழைக் காலத்தில்தான் இந்த வேலை நடக்கும். கட்டுவது ஆண், தலையில் மஞ்சள் தொப்பி. பாதிக் கூடு, தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி ஆனதும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே போய்ப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடு, குழாய் வாசல் எல்லாம். பிடிக்காவிட்டால் அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்கும். கூட்டுக்குள் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று சொல்வார்கள். களிமண் இருப்பது உண்மை. மின்மினியை நான் இதுவரை பார்த்ததில்லை.

காதையும் கூட்டிக்கொண்டு போங்கள்

பறவைகளில் பாதியைக் காதால்தான் பிடிக்க வேண்டும். புதருக்குள்ளிருந்து ஆழமாக "ஊப் ஊப் ஊப்" என்று வந்தால் செம்போத்து. சில ஊரில் செண்பகம் என்பார்கள், காலையில் பார்த்தால் நல்ல சகுனம். குயில் குடும்பம்தான், ஆனால் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது ஆறுமணிக் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற வால். இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். அக்டோபர் வாக்கில் களைத்துப்போய் நகரத்து வீடுகளுக்குள்ளேயே வந்து விழும். அப்படி உங்கள் வீட்டில் ஒன்று வந்தால், காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான மூலையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒவ்வொருவராக வந்து போட்டோ எடுக்கவும் வேண்டாம். தெம்பு வந்ததும் செடி கொடி இருக்கிற இடத்தில் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, பைனாகுலர்

இப்போது வாங்கலாம். 8×42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் 10 மடங்கு தெரியும். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள், தெருவிளக்கை வைத்தே பழகலாம். போனில் மெர்லின் செயலி குரலையும் படத்தையும் வைத்துப் பெயர் சொல்லும். நல்ல உதவிதான், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

சரணாலயத்தில்

நவம்பரிலிருந்து மார்ச் வரை வேடந்தாங்கல் போகலாம், மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய வருடம் என்றால். அங்கே கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து நோட்டு நிறைந்துவிடும். அரசு காப்பாற்றுவதற்கு வெகு காலம் முன்பே ஊர்க்காரர்கள் காப்பாற்றிய இடம் அது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உரிமை எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்ததை நினைத்தால், நாம் அங்கே போய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சில விஷயம். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள், மனிதர் நிற்பதைக் கவனித்துக் காகம் முட்டையைத் தின்னப் பின்னாலேயே வரும். பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். தரையில் தத்துகிற குஞ்சைத் தூக்கி வராதீர்கள், பெரும்பாலும் தாய் பக்கத்துக் கிளையிலேயே இருக்கும். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

முதல் கணக்கெடுப்பு

ஜனவரியில் பொங்கல் நாட்களை ஒட்டிப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, எந்தப் பறவை எத்தனை என்று ஈபேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். உங்கள் வீட்டில் பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கிற வழக்கம் இருந்தால் இதைவிட நல்ல நேரம் கிடையாது. மஞ்சள் இலையில் சோற்று உருண்டைகளை வைத்துவிட்டு அம்மா கீழே இறங்கியதும், நீங்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில் நோட்டோடு உட்காருங்கள். கழுத்து சாம்பலாக இருப்பதைத் தனியாக எண்ணுங்கள், அண்டங்காக்கையைத் தனியாக. மஞ்சள் சோற்றை முதலில் எடுத்தது எது, கூப்பிட்டுவிட்டு எடுத்ததா கூப்பிடாமல் எடுத்ததா என்பதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.